ஆங்கிலத்தின் ‘ஸீ’: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆங்கிலம் படிக்கத் தொடங்கிய முதல் வாரத்திலேயே ‘ஸீ’ வந்துவிடுகிறது. ‘ஸீ என்றால் பார்’ என்று மனப்பாடம் செய்துகொண்டு அடுத்த சொல்லுக்குப் போய்விடுகிறோம். அந்த ஒரு வரிதான், பல ஆண்டுகள் ஆங்கிலம் படித்தவரையும் பேச்சின் நடுவே தடுமாற வைக்கிறது. ஆங்கிலம் பேசுவோர் நாள் முழுக்கப் பயன்படுத்தும் வினைகளில் இது ஒன்று. எனவே இதைச் சரியாகப் பிடித்துக்கொள்வது நூறு புதிய சொற்களைக் கற்பதைவிடப் பயன் தரும் என்று உறுதியாக நம்புகிறேன்.

‘ஸீ’ என்றால் ‘பார்’ தானே? இதில் குழப்பம் எங்கிருந்து வருகிறது?

பாதிதான் சரி. ‘பார்’ என்பது நாம் முனைந்து செய்வது. ‘அங்கே பார்’ என்று ஒருவரை ஏவலாம். ‘உற்றுப் பார்த்தேன்’, ‘வேண்டுமென்றே பார்க்கவில்லை’ என்றெல்லாம் சொல்லலாம். ஆங்கில ‘ஸீ’ அடிப்படையில் அப்படிப்பட்டதல்ல. கண் திறந்திருக்கிறது, வெளிச்சம் இருக்கிறது, எதிரே ஒரு பொருள் இருக்கிறது. அது கண்ணில் படுகிறது. அவ்வளவுதான் ‘ஸீ’.

தமிழில் இதற்கு அருமையான சொல் ஒன்று இருக்கிறது: ‘தெரி’. ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பவர் ‘எனக்கு மலை தெரிகிறது’ என்கிறார். ‘நான் மலையைத் தெரிகிறேன்’ என்று யாரும் சொல்வதில்லை. மலை தெரிவதற்கு அவர் எதுவும் செய்யவில்லை என்பதை ‘எனக்கு’ என்ற நான்காம் வேற்றுமையே சொல்லிவிடுகிறது. ஆங்கிலத்தில் இந்த வசதி இல்லை. ‘ஐ கேன் ஸீ த ஹில்’ என்று ‘ஐ’யை எழுவாயாக நிறுத்தியே ஆகவேண்டும். வாக்கியத்தின் வெளித்தோற்றத்தில் ‘நான்’ ஏதோ செய்வதுபோல் இருக்கிறது. பொருளில் அது ‘எனக்குத் தெரிகிறது’ தான்.

இன்னொன்றையும் கவனியுங்கள். ‘மலை தெரிகிறது’ என்று கண்ணுக்கும் ‘விடை தெரியும்’ என்று அறிவுக்கும் நாம் ஒரே சொல்லைத்தான் வைத்திருக்கிறோம். ‘ஸீ’யும் இந்த இரண்டு பக்கமும் போய்வரும் சொல். ‘ஸீ’யை ‘பார்’ என்று படிப்பதைவிட ‘தெரி’, ‘காண்’ என்று படித்தால் பாதி ஐயங்கள் எழாமலே போகும்.

அப்படியானால் ‘லுக்’, ‘வாட்ச்’ ஆகியவற்றின் இடம் எது?

‘லுக்’ என்பது கண்ணைத் திருப்புவது. ‘வாட்ச்’ என்பது நகர்வதையோ மாறுவதையோ தொடர்ந்து கவனிப்பது. ‘ஸீ’ என்பது கண்ணில் படுவது.

‘ஐ லுக்ட், பட் ஐ டிடன்ட் ஸீ எனிதிங்’ என்பது சாதாரணமாகக் கேட்கும் வாக்கியம். பார்த்தேன், ஆனால் ஒன்றும் தென்படவில்லை. பார்க்கும் செயல் நடந்தது, காட்சி கிடைக்கவில்லை. மூக்குக்கண்ணாடியைத் தேடுகிறவர் மேசையை ‘லுக்’ செய்கிறார். அது செய்தித்தாளின் அடியில் கிடப்பதால் ‘ஸீ’ செய்யவில்லை.

தொலைக்காட்சி எப்போதும் ‘வாட்ச்’ தான். ‘ஸீ டிவி’ என்று சொல்வதில்லை. திரைப்படத்துக்கு இரண்டும் வரும். திரையரங்குக்குப் போய்ப் பார்த்ததைச் சொல்ல ‘ஐ ஸா எ ஃபிலிம்’ என்பார்கள். வீட்டில் உட்கார்ந்து பார்த்ததற்கு ‘வாட்ச்ட்’ பொருத்தம். விளையாட்டுப் போட்டிக்கும் கிட்டத்தட்ட இதே கதைதான். ஆனால் ‘டிட் யூ ஸீ தட் கோல்?’ என்று கேட்கும்போது ‘வாட்ச்’ சரிப்படாது. கோல் ஒரு நொடியில் விழுந்துவிடுகிறது. அது கண்ணில் பட்டதா இல்லையா என்பதுதான் கேள்வி.

சுவீடன் மொழியியலாளர் ஓகே வீபெரி 1983இல் சுமார் 50 மொழிகளின் புலன் வினைகளை ஒப்பிட்டு ஒரு ஆய்வை வெளியிட்டார். முனைந்து செய்வது, தானாக உணர்வது, பொருள் எப்படித் தோன்றுகிறது என்பது என ஒவ்வொரு புலனுக்கும் மூன்று நிலைகளை அவர் பிரித்தார். பார்வைக்கு ஆங்கிலத்தில் ‘லுக் அட்’, ‘ஸீ’, மறுபடியும் ‘லுக்’. செவிக்கு ‘லிஸன் டு’, ‘ஹியர்’, ‘சவுண்ட்’. மூக்குக்கு வந்தால் மூன்றுக்கும் ஒரே ‘ஸ்மெல்’ தான்: பூவை முகர்வதும் ‘ஸ்மெல்’, எரிவாயு வாடை மூக்கில் ஏறுவதும் ‘ஸ்மெல்’, பூ மணப்பதும் ‘ஸ்மெல்’. நாவுக்கும் தொடு உணர்வுக்கும் அப்படியே. பார்வைக்கும் செவிக்கும்தான் தனித்தனிச் சொற்கள் தேவைப்பட்டிருக்கின்றன.

இதிலிருந்து நடைமுறைக்கு ஒரு குறிப்பு. ‘களைப்பாகத் தெரிகிறீர்கள்’ என்பதற்கு ‘யூ லுக் டயர்ட்’ என்றே சொல்ல வேண்டும். ‘தெரி’ இருக்கிறதே என்று இங்கே ‘ஸீ’யைக் கொண்டுவரக் கூடாது.

‘ஐ ஆம் ஸீயிங் எ பேர்ட்’ என்பது ஏன் தவறு? இப்போது பார்த்துக்கொண்டுதானே இருக்கிறேன்?

நியாயமான கேள்வி. தமிழில் ‘பார்த்துக்கொண்டிருக்கிறேன்’ என்பது முழுக்க இயல்பு. ஆனால் ‘தெரிந்துகொண்டிருக்கிறேன்’ என்று அதே பொருளில் சொல்லிப் பாருங்கள், சொல்லவே வராது. ‘ஸீ’யும் அப்படித்தான்.

இதன் காரணத்தை இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அரிஸ்டாட்டில் தொட்டிருக்கிறார். வீடு கட்டுகிறவர் பாதி வழியில் இருக்கும்போது ‘கட்டிவிட்டார்’ என்று சொல்ல முடியாது. காண்கிறவரோ காணும் அந்தக் கணத்திலேயே கண்டுவிட்டார். காண்பதற்குப் பாதி வழி என்று ஒன்று கிடையாது. பாதி வழி இல்லாத வினைக்குத் ‘தொடர்ந்து நடந்துகொண்டிருக்கிறது’ என்ற வடிவம் பொருந்துவதில்லை. பறவை கண்ணில் படும்போது ஆங்கிலத்தில் ‘ஐ கேன் ஸீ எ பேர்ட்’ என்கிறார்கள். தொடர்வினையாகவே சொல்ல விரும்பினால் வினையை மாற்றுங்கள்: ‘ஐ ஆம் வாட்ச்சிங் எ பேர்ட்’.

ஆனால் ‘ஸீயிங்’ என்று பலர் சொல்லக் கேட்டிருக்கிறேனே?

கேட்டிருப்பீர்கள். அங்கெல்லாம் ‘ஸீ’யின் பொருள் வேறாக இருக்கும். ‘த டாக்டர் இஸ் ஸீயிங் எ பேஷன்ட்’ என்றால் மருத்துவர் நோயாளியைச் சந்தித்துக்கொண்டிருக்கிறார். சந்திப்பதற்குத் தொடக்கமும் முடிவும் உண்டு. ‘வீ ஆர் ஸீயிங் மோர் கேசஸ்’ என்று சுகாதாரத் துறையினர் சொல்லும்போது, நோய் கூடிக்கொண்டே போகும் மாற்றத்தைக் குறிக்கிறார்கள். ‘ஐ மஸ்ட் பீ ஸீயிங் திங்ஸ்’ என்றால் இல்லாதது இருப்பதாகத் தோன்றுகிறது என்று பொருள். இரட்டையாகத் தெரிவதற்கு ‘ஸீயிங் டபுள்’.

இவற்றுள் கவனமாக இருக்க வேண்டியது ஒன்று. ‘ஷீ இஸ் ஸீயிங் சம்ஒன்’ என்றால், அவர் ஒருவரைக் காதலித்துப் பழகிவருகிறார் என்று பொருள். அலுவல் நிமித்தமாக ஒருவரைச் சந்திக்கப் போகும்போது ‘ஐ ஆம் ஸீயிங் ஹிம் அட் ஃபோர்’ என்று நேரத்தையும் சேர்த்துச் சொன்னால் சிக்கல் இல்லை. நேரமோ நாளோ இல்லாமல் ‘ஐ ஆம் ஸீயிங் ஹிம்’ என்று நிறுத்தினால் கேட்பவர் வேறு விதமாகப் புரிந்துகொள்வார்.

‘கேன் ஸீ’ என்பதில் ‘கேன்’ எதற்கு? பார்க்கும் திறனைச் சொல்லவா?

பெரும்பாலும் இல்லை. ‘ஐ கேன் ஸ்விம்’ என்பதில் திறன் இருக்கிறது. ‘ஐ கேன் ஸீ எ போட்’ என்பதில் இருப்பது ‘இந்த நேரத்தில் ஒரு படகு தெரிகிறது’ என்பது மட்டுமே. தொடர்வினை வடிவம் இல்லாத குறையை ‘கேன்’ ஈடுகட்டுகிறது. ‘ஹியர்’, ‘ஸ்மெல்’ ஆகியவற்றோடும் இப்படியே வரும். ‘கேன்’ இல்லாமல் ‘ஐ ஸீ எ போட்!’ என்றும் சொல்லலாம். அது படகு சட்டென்று கண்ணில் பட்ட கணத்தின் சொல். தத்துவ அறிஞர் ஸீனோ வெண்ட்லர் 1957இல் வினைகளை நான்கு வகையாகப் பிரித்து எழுதிய கட்டுரையில், ‘ஸீ’யின் இந்த இரு முகங்களைத் தனியே எடுத்துப் பேசுகிறார்: ஒன்று கண்ணில் படும் கணம், மற்றது தெரிந்துகொண்டே இருக்கும் நிலை.

ஒருவர் ‘ஐ ஸீ’ என்றால் நான் சொன்னதை ஒப்புக்கொண்டார் என்று எடுத்துக்கொள்ளலாமா?

கூடாது. இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் இந்த இடத்தில்தான் உண்மையான மனத்தாங்கல்கள் உண்டாகின்றன. ‘ஐ ஸீ’ என்றால் ‘நீங்கள் சொல்வது விளங்குகிறது’ என்று மட்டுமே பொருள். ஒப்புதல் வேறு, விளங்குதல் வேறு. ‘ஐ ஸீ யுவர் பாயின்ட்’ என்று ஒருவர் தொடங்கினால், அடுத்து ‘பட்’ வருமென்று காத்திருங்கள், அநேகமாக வரும். ஒப்புக்கொண்டவர் ‘ஐ அக்ரீ’ என்றே சொல்வார்.

குரலும் பொருளை மாற்றும். ‘ஐ’யில் சற்று உயர்ந்து ‘ஸீ’யில் இறங்கினால், புதிதாக ஒன்றை அறிந்துகொண்டதன் நிறைவு அதில் இருக்கிறது. இரண்டு சொல்லும் தட்டையாக, இடைவெளிவிட்டு வந்தால், கேட்டது பிடிக்கவில்லை, ஆனால் இப்போது வாதாட விரும்பவில்லை என்று பெரும்பாலும் பொருள். தொலைபேசியில் வெறும் ‘ம்’ கொட்டும் இடத்திலும் ‘ஐ ஸீ’ வரும். ஆனால் துயரச் செய்தி கேட்கும்போது ‘ஐ ஸீ’ என்று நிறுத்திவிடாதீர்கள், கல்நெஞ்சம்போல் ஒலிக்கும். ‘ஐ ஆம் ஸாரி டு ஹியர் தட்’ என்பதே அங்கே பொருத்தம்.

கண்ணால் காண்பதற்கும் மனத்தால் விளங்குவதற்கும் ஒரே சொல் எப்படி வந்தது? எல்லா மொழியிலும் இப்படியா?

ஆங்கிலம் சேர்ந்திருக்கும் இந்தோ-ஐரோப்பியக் குடும்பத்தில் இந்தப் பழக்கம் மிகப் பழையது. ‘காண்’ என்று பொருள்படும் ஒரு மூல வேரிலிருந்து லத்தீனின் ‘வீடியோ’ வந்தது. அதற்கு ‘நான் காண்கிறேன்’ என்று பொருள். அதே வேரிலிருந்துதான் வடமொழியில் அறிவைக் குறிக்கும் ‘வேதம்’, ஆங்கிலத்தில் ‘விட்’, ‘வைஸ்’, கிரேக்கம் வழியாக ‘ஐடியா’ ஆகியவையும் பிறந்தன. பண்டைய கிரேக்கத்தில் ‘நான் அறிவேன்’ என்பதற்கான ‘ஓய்டா’, வடிவத்தில் ‘நான் கண்டிருக்கிறேன்’ என்பதே. மொழியியலாளர் ஈவ் ஸ்வீட்ஸர் 1990இல் வெளியிட்ட நூலில் இந்த மாற்றத்தை விரிவாக ஆராய்ந்தார்.

ஆனால் உலகம் முழுவதும் இப்படித்தான் என்று முடிவு கட்ட முடியாது. நிக்கலஸ் எவன்ஸும் டேவிட் வில்கின்ஸும் 2000இல் ஆஸ்திரேலியப் பழங்குடி மொழிகளை ஆராய்ந்து, அங்கே ‘அறி’ என்ற பொருளுக்குப் பெரிதும் விரிவது ‘கேள்’ என்ற வினைதான் என்று காட்டினார்கள். தமிழ்க் காதுக்கு இது வியப்பாக இருக்காது. ‘கேள்வி’ என்றாலே கற்றறிதல் என்று பொருள்கொண்ட மரபு நம்முடையது. திருக்குறளில் அந்தப் பெயரில் ஒரு அதிகாரமே இருக்கிறது. ‘சொன்னபடி கேள்’ என்பதில் காதும் கீழ்ப்படிதலும் ஒன்றாகின்றன. கண்வழியும் செவிவழியும் அறிவுக்குப் பாதை வைத்திருக்கும் மொழிக்காரர்களுக்கு ‘ஸீ’யின் போக்கு எளிதில் பிடிபட வேண்டும்.

பார்வையற்றவரிடம் ‘ஸீ யூ டுமாரோ’ என்று சொல்லலாமா? புண்படுத்திவிடுவோமோ?

தாராளமாகச் சொல்லலாம். பார்வையற்றவர்களும் ‘ஐ ஸீ வாட் யூ மீன்’, ‘ஸீ யூ லேட்டர்’ என்று எல்லோரையும்போலவே பேசுகிறார்கள். சொல்லை விழுங்கித் தயங்குவதுதான் அவர்களுக்குச் சங்கடம்.

இதற்குள் ஆழமான ஒரு விஷயமும் இருக்கிறது. பார்வையற்ற குழந்தைகள் பார்வைச் சொற்களை எப்படிக் கற்கிறார்கள் என்பதை பார்பரா லாண்டாவும் லைலா கிளைட்மனும் ஆராய்ந்து 1985இல் நூலாக வெளியிட்டார்கள். சின்னஞ்சிறு பார்வையற்ற சிறுமி ஒருத்தியிடம் ‘லுக் அப்’ என்று சொன்னபோது, அவள் தலையை அசைக்காமல் கைகளை மேலே உயர்த்தினாள். கண்ணைக் கட்டிவிட்ட பார்வையுள்ள குழந்தைகளோ, எதுவும் தெரியாதபோதும் முகத்தை மேலே தூக்கினார்கள். ஒரு பொருளைத் ‘தொடு, ஆனால் லுக் செய்யாதே’ என்றால், அந்தச் சிறுமி லேசாகத் தட்டிவிட்டுக் கையை எடுத்துக்கொண்டாள். ‘இப்போது லுக் செய்யலாம்’ என்றதும் கைகளால் அதைத் தடவித் தடவி முழுவதும் அறிந்துகொண்டாள். அவளுக்கு ‘லுக்’ என்பது கைகளால் ஆராய்ந்தறிவது. வெறும் தொடுதலிலிருந்து அதை அவள் தெளிவாகப் பிரித்து வைத்திருந்தாள். புலனுணர்வுச் சொல் ஒன்று புலனையும் தாண்டி நிற்கும் என்பதற்கு இதைவிட நல்ல சான்றை நான் படித்ததில்லை.

‘ஐ ஸா ஹெர் கிராஸ்’, ‘ஐ ஸா ஹெர் கிராஸிங்’ – இரண்டும் ஒன்றுதானே?

இல்லை. இந்த வேறுபாடுதான் ‘ஸீ’ இலக்கணத்தின் மிக அழகான பகுதி.

ஒரு பாலம், அதன்மேல் ஒரு பெண். ‘ஐ ஸா ஹெர் கிராஸ் த பிரிட்ஜ்’ என்று நீங்கள் சொன்னால், அவர் இந்தக் கரையில் கால் வைத்ததிலிருந்து அந்தக் கரையில் இறங்கியது வரை கண்டீர்கள். ‘ஐ ஸா ஹெர் கிராஸிங் த பிரிட்ஜ்’ என்றால், அவர் நடுப்பாலத்தில் நடந்துகொண்டிருந்தபோது உங்கள் கண்ணில் பட்டார். அக்கரை சேர்ந்தாரா, பாதியில் திரும்பினாரா என்பதைப் பற்றி உங்கள் வாக்கியம் எதுவும் சொல்லவில்லை. தமிழில் ‘கடப்பதைப் பார்த்தேன்’ என்று பேச்சில் இரண்டுக்கும் பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். பிரித்துச் சொல்ல வேண்டுமானால் ‘கடந்ததைக் கண்டேன்’, ‘கடந்துகொண்டிருந்ததைக் கண்டேன்’ என்று சொல்லலாம். சாட்சி சொல்பவருக்கு இந்த வேறுபாடு சின்ன விஷயமல்ல. ‘அவர் பெட்டியைத் திறந்தார்’ என்பதும் ‘திறந்துகொண்டிருந்தார்’ என்பதும் நீதிமன்றத்தில் வேறு வேறு சாட்சியங்கள்.

நொடியில் முடிந்துவிடும் செயலுக்குப் பொருள் இன்னொரு திசையில் போகும். ‘ஐ ஸா ஹிம் ஜம்ப்’ என்றால் ஒரு முறை குதித்தார். ‘ஐ ஸா ஹிம் ஜம்ப்பிங்’ என்றால் திரும்பத் திரும்பக் குதித்துக்கொண்டிருந்தார்.

மூன்றாவது வடிவம் ஒன்றும் உண்டு: ‘ஐ ஸா தட் ஹீ ஹேட் லெஃப்ட்’. இதை ‘ஐ ஸா ஹிம் லீவ்’ என்பதன் அருகில் வைத்துப் பாருங்கள். ‘ஐ ஸா ஹிம் லீவ்’ என்றால் அவர் எழுந்து, கதவைத் திறந்து, வெளியே போனது என் கண்முன் நடந்தது. ‘ஐ ஸா தட் ஹீ ஹேட் லெஃப்ட்’ என்றாலோ, நான் வந்தபோது நாற்காலி காலி, மேசைவிளக்கு அணைந்திருக்கிறது, மாட்டியிருந்த பை இல்லை. அவர் போனதை நான் காணவே இல்லை. போய்விட்டார் என்று கண்டுகொண்டேன். ‘தட்’ வந்துவிட்டால் ‘ஸீ’ கண்ணைவிட்டு அறிவின் பக்கம் நகர்ந்துவிடுகிறது. செய்தித்தாளைப் படித்துவிட்டு ‘ஐ ஸீ தட் பிரைசஸ் ஆர் அப் அகெய்ன்’ என்று சொல்வதும் இந்த வகைதான்.

‘ஹீ வாஸ் ஸீன் டு கிராஸ்’ என்பதில் ‘டு’ திடீரென்று எங்கிருந்து வருகிறது?

செய்வினையில் ‘டு’ வராது. ‘ஐ ஸா ஹிம் டு கிராஸ்’ தவறு. செயப்பாட்டு வினையாக மாற்றும்போது ‘டு’ கட்டாயம். ‘ஹீ வாஸ் ஸீன் கிராஸிங்’ என்ற வடிவத்துக்கு ‘டு’ தேவையில்லை. செய்திகளில் அதிகம் தென்படுவது இதுதான்.

‘ஐ ஸா’வா, ‘ஐ ஹாவ் ஸீன்’ஆ?

எப்போது என்று சொன்னால் ‘ஸா’. சொல்லாமல் ‘கண்ட அனுபவம் உண்டு’ என்ற அளவில் நிறுத்தினால் ‘ஹாவ் ஸீன்’. ‘ஐ ஹாவ் ஸீன் ஹிம் எஸ்டர்டே’ என்று எழுதக் கூடாது. ‘எஸ்டர்டே’ வந்த உடனே ‘ஸா’ தான். ‘ஐ ஸீன் ஹிம்’ என்பது சில வட்டாரங்களில் பேச்சில் உண்டு, பொது எழுத்தில் இல்லை. உச்சரிப்பில் ஒன்று: ‘ஸீ’யும் ‘ஷீ’யும் கலந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

‘நைஸ் டு மீட் யூ’, ‘நைஸ் டு ஸீ யூ’ – எது எப்போது?

முதல் சந்திப்பில் ‘மீட்’. அடுத்த முறையிலிருந்து ‘ஸீ’. ஏற்கெனவே பழகிய ஒருவரிடம் ‘நைஸ் டு மீட் யூ’ என்றால், முன்பு சந்தித்ததை மறந்துவிட்டீர்கள் என்று அவர் நினைக்கக்கூடும்.

தமிழில் ‘பார்’ வரும் இடங்களில் எங்கெல்லாம் ‘ஸீ’ வரக் கூடாது?

நிறைய இருக்கின்றன, ஏனென்றால் நம் ‘பார்’ தாராளமான சொல். ‘செய்து பார்’, ‘எழுதிப் பார்’ என்பவற்றில் ‘பார்’ முயற்சியைக் குறிக்கிறது. ஆங்கிலத்தில் அது ‘ட்ரை’. ‘டூ அண்ட் ஸீ’ என்று சொன்னால், செய்துவிட்டு விளைவுக்காகக் காத்திருக்கச் சொல்வதாகத்தான் புரிந்துகொள்வார்கள். ‘வேலை பார்க்கிறேன்’ என்பது ‘வர்க்’. ‘வீடு பார்க்கிறோம்’ என்று தேடுவதைச் சொன்னால் ‘லுக்கிங் ஃபார்’. ‘குழந்தையைப் பார்த்துக்கொள்’ என்பது ‘லுக் ஆஃப்டர்’. ‘கணக்கைச் சரிபார்’ என்பது ‘செக்’.

நேருக்கு நேர் பொருந்தும் இடங்களும் உண்டு. அவற்றைத் தயங்காமல் பயன்படுத்துங்கள். ‘மருத்துவரைப் பார்’ என்பது ‘ஸீ எ டாக்டர்’. ‘கதவு பூட்டியிருக்கிறதா பார்’ என்பது ‘ஸீ இஃப் த டோர் இஸ் லாக்ட்’. ‘இஃப்’ போய் ‘தட்’ வந்தால், அதாவது ‘ஸீ தட் த டோர் இஸ் லாக்ட்’ என்றால், பூட்டியிருக்கும்படி பார்த்துக்கொள் என்று பொறுப்பை ஒப்படைத்ததாகிவிடும். ஒரே ஒரு சொல் மாறினால் வேலையே மாறிவிடுகிறது.

‘ஸீ த்ரூ’வில் சொல் வரிசை மாறினால் பொருளும் மாறுமா?

தலைகீழாக மாறும். ‘ஐ ஸா த்ரூ ஹிம்’ என்றால் அவருடைய பாசாங்கு எனக்குத் தெரிந்துபோயிற்று. ‘ஐ ஸா ஹிம் த்ரூ’ என்றால் அவருடைய கஷ்டகாலம் முடியும்வரை கூடவே நின்றேன். ‘திஸ் மணி வில் ஸீ மீ த்ரூ த மந்த்’ என்று பணத்தையும் எழுவாயாக்குவார்கள். இந்தப் பணம் மாதக் கடைசிவரை தாங்கும் என்று பொருள்.

‘ஸீ ஆஃப்’ என்பது ரயிலடி, விமான நிலையம் என்று புறப்படும் இடம்வரை போய் வழியனுப்புவது. ‘ஸீ அவுட்’ என்பது வாசல்வரை கூடப் போவது. ‘ஸீ ஹோம்’ என்பது வீட்டில் கொண்டுபோய்ச் சேர்ப்பது. இவற்றிலெல்லாம் ‘கண் பார்வையில் வைத்திருந்து கொண்டுசேர்’ என்ற கருத்து ஊடாடுகிறது. ‘ஸீ டு’ என்றால் ஒரு காரியத்தை ஏற்று முடிப்பது; ‘ஐ வில் ஸீ டு இட்’ என்று ஒருவர் சொன்னால் அது வாக்குறுதி. ‘ஐ வில் ஸீ அபவுட் இட்’ என்றாலோ, விசாரிக்கிறேன் என்ற அளவுதான்.

‘லெட் மீ ஸீ’, ‘வீ வில் ஸீ’, ‘யூ ஸீ’ என்று பேச்சில் அடிக்கடி வருகிறதே, இவற்றுக்குப் பொருள் உண்டா?

உண்டு. ‘லெட் மீ ஸீ’ என்பது யோசிக்க அவகாசம் கேட்பது. ‘ஆ… ஊ…’ என்று இழுப்பதைவிட இதைச் சொல்லிவிட்டு இரண்டு நொடி மௌனமாக இருப்பது எவ்வளவோ மேல். ‘வீ வில் ஸீ’ என்பது நம் ‘பார்க்கலாம்’ போன்றதே. பெற்றோர் குழந்தையிடம் சொல்லும்போது அது பெரும்பாலும் ‘இல்லை’ என்பதன் மென்மையான வடிவம். குழந்தைகள் அதைச் சீக்கிரமே கண்டுபிடித்துவிடுகிறார்கள். ‘யூ ஸீ’ விளக்கம் சொல்லத் தொடங்கும்போது வருவது. வாக்கியத்துக்கு வாக்கியம் சேர்த்தால், கேட்பவர் ஒன்றும் அறியாதவர் என்று நினைத்துப் பேசுவதுபோல் ஆகிவிடும். மேலதிகாரியிடம் பேசும்போது இதைக் குறைத்துக்கொள்வது நல்லது.

‘ஐ டோன்ட் ஸீ வை நாட்’ என்பது பலரைக் குழப்புகிறது. இரண்டு எதிர்மறைகள் இருப்பதால் மறுப்பு என்று நினைத்துவிடுகிறார்கள். ‘செய்யக் கூடாது என்பதற்குக் காரணம் எதுவும் தெரியவில்லை’ என்பதே அதன் பொருள், அதாவது சம்மதம். ‘ஐ கான்ட் ஸீ ஹிம் அக்ரீயிங்’ என்பதில் வருவது கற்பனைக் கண். அவர் ஒப்புக்கொள்வார் என்று எனக்குத் தோன்றவில்லை என்கிறது.

உயிரற்ற பொருளும் ஆண்டும்கூட ‘ஸீ’ செய்யுமா?

செய்யும். ‘த ட்வென்டியெத் செஞ்சுரி ஸா டூ வேர்ல்ட் வார்ஸ்’ என்று ஆங்கிலத்தில் எழுதுவதை, ‘இருபதாம் நூற்றாண்டு இரண்டு உலகப் போர்களைக் கண்டது’ என்று நாமும் எழுதுகிறோம். ‘பார்த்தது’ என்று எழுதினால் சற்று இடறும். ‘கண்டது’ தான் கச்சிதம்.

‘ஸீம்’ என்ற சொல் ‘ஸீ’யிலிருந்து வந்ததா?

இல்லை. ஒலியும் பொருளும் நெருங்கியிருப்பதால் அப்படித் தோன்றுகிறது. ‘ஸீம்’ பழைய ஸ்காண்டிநேவிய மொழியிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்த சொல். ‘ஸீ’ பழைய ஆங்கிலத்தின் சொந்தச் சொல்.

‘லாங் டைம் நோ ஸீ’ இலக்கணப் பிழை இல்லையா? மின்னஞ்சலில் எழுதலாமா?

எழுவாயும் இல்லை, காலமும் இல்லை; ஆங்கில இலக்கணத்துக்கு இது அடங்காது. வெவ்வேறு மொழிக்காரர்கள் பேசிக்கொள்வதற்காக உருவாகும் கலப்பு வழக்கான பிட்ஜின் ஆங்கிலத்தின் சாயல் இதில் இருக்கிறது. சீனத்தில் இதே சூழலில் சொல்லும் ‘ஹாவ் ஜியூ பூ ஜியென்’ என்ற தொடரோடு இது சொல்லுக்குச் சொல் ஒத்துப்போகிறது. அந்த ‘ஜியென்’ தான் ‘காண்’. 20ஆம் நூற்றாண்டில் எல்லோர் வாயிலும் பழகி, இன்று முழுமையான மரபுத்தொடராகிவிட்டது. நீண்ட நாள் கழித்துச் சந்திக்கும் நண்பரிடம் தயங்காமல் சொல்லலாம். அதிகம் பழக்கமில்லாத ஒருவருக்கோ உயர் பொறுப்பில் இருப்பவருக்கோ அலுவல் மடல் எழுதும்போது, ‘இட் ஹாஸ் பீன் எ லாங் டைம் சின்ஸ் வீ லாஸ்ட் மெட்’ என்று முழு வாக்கியமாக எழுதுங்கள்.